அப்பாவுக்குக் கொரோனா, பிள்ளை பள்ளிக்கூடம் போகலாமோ?

மூன்றாம் தவணைச் சோதனை நடந்துகொண்டிருந்த கிழமை. வெளியே விடாத மழை. இரவு எட்டு மணிக்குக் கடைசி நம்பராக ஒரு அம்மா உள்ளே வந்தார். கதிரையில் இருக்கவில்லை. "எனக்கு ஒண்டுமில்லை டொக்டர், ஒரு விசயம் கேட்டுப்போட்டுப் போறன்" என்றபடி கதவை மெல்லச் சாத்தினார்.

கணவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் தொண்டைநோவும். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த மைத்துனர் விட்டுப்போன சாமான்களுக்குள் கொரோனா பார்க்கிற கிற் ஒன்று கிடந்திருக்கிறது. மூக்குக்குள் விட்டுப் பார்த்தால் இரண்டு கோடு. மூத்தவள் பத்தாம் வகுப்பு, விடிந்தால் விஞ்ஞானச் சோதனை. சின்னவன் நாலாம் வகுப்பு. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. அனுப்புவதா, மறிப்பதா?

கேள்வியை விட அந்தக் கதவைச் சாத்தியதுதான் எனக்கு மனதில் நின்றது. டெங்கு என்றால் சனம் வரிசையில் நின்றே சத்தமாகச் சொல்லும். கொரோனா என்ற சொல்லுக்கு இன்னும் குரல் தாழ்கிறது. காரணம் தெரியாததல்ல. 2020 மார்ச்சில் அரியாலையில் நடந்த ஓர் ஆராதனையோடு நோய் யாழ்ப்பாணத்துக்குள் வந்தபோது, அதற்குப் போனவர்கள் பட்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. பிறகு யாருக்கு வந்தாலும் கேற்றில் நோட்டீஸ், வீட்டுக்காரர் எல்லோருக்கும் 14 நாள் தனிமைப்படுத்தல், எட்டிப் பார்க்காத அயல். அந்தக் காலத்தில் சுகாதாரப் பணிமனைப் பக்கம் நின்று வேலை செய்தவள் என்பதால் எனக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. வேறு வழி அப்போது தெரியவில்லை. ஆனால் நோட்டீஸ் ஒட்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பட்ட கேலி எங்கள் படிவங்கள் எதிலும் பதிவாகவில்லை.

இப்போது நிலைமை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 ஆம் திகதி அவசரநிலையை முடித்துவைத்தது. வைரஸ் போகவில்லை, எங்கள் உடம்புகள் அதைக் கொஞ்சம் பழகிக்கொண்டன. 2021 மே கடைசியில் யாழ்ப்பாணத்தில் சைனோபார்ம் ஊசி தொடங்கியதில் இருந்து பெரும்பாலானவர்கள் ஊசி போட்டாயிற்று. அதற்குமேல் ஒன்றிரண்டு தரம் நோயும் வந்துபோயிற்று. இன்று யாரும் வந்து உங்கள் கேற்றில் எதையும் ஒட்டப்போவதில்லை.

அதனால் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "பிள்ளையள் சுகமாயிருந்தால் அனுப்புங்கோ."

அவர் நம்பவில்லை. முகத்தில் சந்தோசம் வந்து உடனே சந்தேகமாக மாறியது. "அப்ப ஏன் டொக்டர் அண்டைக்கு ரெண்டு கிழமை அடைச்சு வைச்சவை?"

நியாயமான கேள்வி. நோய்க் கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி காட்டுவதற்கு, தொடக்கத்தில் வந்த வைரஸுக்குச் சராசரியாக ஐந்து ஆறு நாள் பிடித்தது. சிலருக்கு 14 நாள் வரை. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத நேரம். ஆகவே நீண்ட கணக்கைப் போட்டோம். ஒமிக்ரோன் வந்த பிறகு இந்த இடைவெளி பெரும்பாலும் இரண்டு முதல் நாலு நாளுக்குள் வந்துவிட்டது. இன்னொன்று, காய்ச்சல் காய்வதற்கு ஓரிரு நாள் முன்னரே ஒருவர் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுவார். அப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கி இரண்டு நாள் என்றால் பிள்ளைகள் அவரோடு ஒரே காற்றை மூச்செடுத்து ஏறத்தாழ நாலு நாள் ஆகிவிட்டது. வருவதென்றால் இந்தக் கிழமைக்குள் வரும். வந்தே தீரும் என்றும் இல்லை. ஒரே கட்டிலில் படுத்த மனைவிக்கு வராமல் போனதையும் கண்டிருக்கிறேன்.

லண்டனில் இருக்கிற சித்தி, பெரியம்மாமார் வாட்ஸ்அப்பில் சொல்வதும் இந்த விசயத்தில் சரிதான். இங்கிலாந்தில் பிள்ளைக்கே கொரோனா என்று தெரிந்தாலும் மூன்று நாள்தான் வீட்டில் வைக்கச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு ஐந்து நாள். வீட்டில் வேறொருவருக்கு என்றால், சுகமாக இருக்கிற பிள்ளை வழமைபோல வகுப்புக்குப் போகலாம்.

சும்மா மறித்து வைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடங்கள் இடையிடையே திறந்து மூடி, 2021 ஒக்டோபர் 21 ஆம் திகதிதான் மறுபடி படிப்படியாகத் திறக்கத் தொடங்கின. அதுவும் முதலில் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள். ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாறி மாறி வைத்துப் படித்த வீடுகள் எத்தனை. நாலாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகளைத் தாய்மார் என்னிடம் "மூளையில ஏதும் குறையோ" என்று கூட்டி வந்தார்கள். குறை மூளையில் இல்லை. அதைப் பார்த்த பிறகு, காரணமில்லாமல் ஒரு நாளைக்கூட மறிக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் 'சுகமாயிருந்தால்' என்ற சொல்லை எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி அர்த்தம் பண்ணுகிறார்கள். அடிக்கடி கேட்கிற ஒரு வசனம்: "லேசா மேல் சுட்டது டொக்டர், பனடோல் குடுத்து அனுப்பினன்." காலை ஆறரைக்குக் கொடுத்த பனடோல் நாலு, ஐந்து மணித்தியாலம் காய்ச்சலை அமத்தி வைக்கும். பதினொரு மணிக்குப் பிள்ளை மேசையில் தலையை வைத்துப் படுத்திருக்கும். அதற்குள் இடைவேளைச் சாப்பாட்டைப் பக்கத்துப் பிள்ளையோடு பகிர்ந்து முடிந்திருக்கும். மருந்து கொடுத்துக் காய்ச்சலை மறைத்து அனுப்பிய பிள்ளை சுகமான பிள்ளை அல்ல. மருந்து இல்லாமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் வராமல் இருந்து, இருமலும் குறைந்து, பிள்ளை தானாகச் சாப்பாடு கேட்டால் அனுப்பலாம். அதற்குப் பிறகும் ஒரு ஐந்து நாளைக்கு மாஸ்க் போடுவது நல்லது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மாஸ்க் வேண்டாம், அவர்கள் அதைச் சப்பிக்கொண்டுதான் இருப்பார்கள்.

வீட்டில் நோயாளி இருக்கிற அந்த ஐந்தாறு நாளும் காலையில் இரண்டு நிமிசம் ஒதுக்குங்கள். சப்பாத்துப் போட முதல் நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள். தொண்டை நோகிறதா, தடிமனா, வயிற்றாலையா, இரவு நித்திரை கொண்டதா என்று கேளுங்கள். சோதனைக்குப் பயந்த பிள்ளை வராத வருத்தத்தைச் சொல்லும். சோதனையை விட மனமில்லாத பிள்ளை வந்ததை மறைக்கும். எங்கள் ஊரில் இரண்டாவது வகைதான் கூட. நூறு வீத வரவுக்குப் பரிசு கொடுக்கிற பழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியாது. காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு மேடையில் கைதட்டுகிற வேலை அது.

கிற் பற்றி ஒரு சொல். முதல் நாளே ஒரு கோடு மட்டும் வந்தால் கொரோனா இல்லை என்று முடிவு கட்டவேண்டாம். அறிகுறி இருந்தால் 48 மணித்தியாலம் கழித்து இன்னொன்று செய்து பாருங்கள். சூட்கேசுக்குள் கிடந்த கிற்றின் காலாவதித் திகதியையும் பாருங்கள். கிற் இல்லையா, கவலை வேண்டாம். காய்ச்சலும் இருமலும் உள்ள பிள்ளை வீட்டில் நிற்பதற்கு அந்த நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

பெயர் தெரிய வேண்டிய இடம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் ஐப்பசியில் இருந்து தை வரை டெங்குக் காலம். அப்பாவுக்கு இரண்டு கோடு வந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் "அதுதான் இதுவும்" என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். நுளம்புக்கு உங்கள் வீட்டுக் கிற்றின் முடிவு தெரியாது. காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால், கொரோனா என்று உறுதியாகத் தெரிந்த வீடாக இருந்தாலும், இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். வயிற்றுநோ, விடாத சத்தி, பிள்ளை வாடிக் கிடப்பது, சலம் குறைவாகப் போவது என்றால் மூன்று நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், நிறைக்கு அளவாக: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம். பாமசியில் கேட்டு வாங்கி இபுபுரூபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் கொடுக்கவேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். வயலிலோ வெள்ளத்திலோ கால் வைத்த அப்பாமாருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். 2024 டிசம்பரில் அதற்கு யாழ்ப்பாணம் உயிர்களையே கொடுத்தது.

கொரோனாவிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய அறிகுறிகள் உண்டு. மூச்சு வேகம், விலாப்பக்கம் உள்ளே இழுபடுவது, குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், உதடு நீலம் பாய்வது. ஒரு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை அழாமல் இருக்கும்போது நிமிசத்துக்கு 40 தரமோ கூடவோ மூச்செடுத்தால் அது வேகம்தான். இவற்றுக்கு முன்னால் கொத்தமல்லித் தண்ணியும் வேதுபிடிப்பும் நிற்காது. கொத்தமல்லியோடு எனக்குக் கோபமில்லை, நானும் குடிக்கிறவள்தான். சின்னப் பிள்ளைகளுக்கு வேது பிடிக்கிறது மட்டும் வேண்டாம். கொதிதண்ணிச் சட்டி கவிழ்ந்து தொடை வெந்து வந்த பிள்ளைகளைக் கண்டபிறகு சொல்கிறேன். இன்னொன்று, நோய் மாறி இரண்டு முதல் ஆறு கிழமைக்குள் பிள்ளைக்கு மறுபடி கடும் காய்ச்சல், கண் சிவப்பு, தோலில் சிவப்புத் தடிப்பு, வயிற்றுநோ வந்தால் "போன மாதம் வீட்டில் கொரோனா இருந்தது" என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அரிதான ஒன்று, ஆனால் இருதயத்தைத் தொடக்கூடியது.

அந்த அம்மாவிடம் திரும்பி வருகிறேன். "வீட்டில வேற ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன். அம்மம்மா இருக்கிறா, சீனி வருத்தம், பிரஷர், வயது 74. அப்படியென்றால் பிள்ளைகளை விட அவவைப் பற்றித்தான் நான் யோசிப்பேன் என்று சொன்னேன். சின்னவன் அம்மம்மாவோடுதான் படுக்கிறவன். அந்தக் கிழமை வேறிடத்தில் படுக்கட்டும். அப்பா விறாந்தைக்கு மாறட்டும். எங்கள் பழைய வீடுகளின் விறாந்தையை விட நல்ல தனிமைப்படுத்தல் அறை எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. நுளம்புக்குப் பயந்து பின்னேரம் ஐந்துக்கே யன்னலைச் சாத்தி, உள்ளே சுருளையும் கொளுத்திவிட்டு எல்லோரும் ஒரே அறைக்குள் இருப்பதுதான் நாங்கள் செய்கிற பிழை. வலையைக் கட்டிவிட்டு யன்னலைத் திறந்து வையுங்கள். இருமுகிறவரின் மூச்சு அறைக்குள் தேங்கி நிற்கக்கூடாது.

வகுப்பாசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அம்மா பின்வாங்கினார். "பிறகு பிள்ளையைத் தள்ளி வைச்சிடுவினம்." அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வகுப்பில் முட்டு வருத்தத்துக்குப் பம்ப் பாவிக்கிற பிள்ளை இருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற தாயின் பிள்ளை இருக்கலாம். ஆசிரியருக்குத் தெரிந்தால் பிள்ளையை யன்னலோரம் இருத்துவார், இருமினால் உடனே உங்களுக்கு எடுப்பார். ஊர் முழுக்கச் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் சரி என்று எழும்பப் போனவரிடம் கடைசியாகக் கேட்டேன்: "பள்ளிக்கூடம் முடிய எங்க போறவை?"

"ரியூசன்தான் டொக்டர்."

இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் தலையிடி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தை மறிக்கிறவர்கள் பின்னேரம் ரியூசனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். "பள்ளிக்கூடம் அனுப்பேல்லை டொக்டர், ரியூசன் மட்டும்தான்" என்று எத்தனை தரம் கேட்டுவிட்டேன். பள்ளிக்கூட வகுப்பில் யன்னல் இருக்கிறது, முற்றம் இருக்கிறது, இடைவேளை இருக்கிறது. ரியூசன் கொட்டகையில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வாங்கில் ஐந்து பிள்ளைகள் தோள் இடிபட, மழைச் சாரலுக்கு மறைப்பை இறக்கிவிட்டு இரண்டு மணித்தியாலம். சேர் மைக்கில் கத்திக்கொண்டிருப்பார். அங்கே வருகிற பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அல்ல. கொக்குவில், கோண்டாவில், உரும்பிராய் என்று ஆறேழு பள்ளிக்கூடங்கள். ஒரு வகுப்போடு நிற்கவேண்டிய இருமலை வலிகாமம் முழுக்கக் கொண்டுபோக இதைவிட நல்ல வழி கிடையாது. அனுப்புகிற ஒழுங்கு வேண்டுமென்றால் தலைகீழாகச் செய்யுங்கள். அந்த ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகட்டும், ரியூசன் நிற்கட்டும். நோட்ஸைச் சிநேகிதியிடம் போனில் படமெடுத்து வாங்கலாம். அதே போல அடைத்து ஏற்றுகிற பள்ளிக்கூட வானுக்கும், முடிந்தால், அந்தக் கிழமை விடுமுறை கொடுங்கள்.

அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார். நாலாம் நாள் காலை போன் வந்தது. மூத்தவளுக்குத் தொண்டை நோகிறதாம், மேல் சுடுகிறதாம். கணிதச் சோதனை இருந்தும் மறித்துவிட்டாராம். வகுப்பு ரீச்சருக்கு எடுத்துச் சொன்னதற்கு, வினாத்தாளைப் பிறகு தனியாகச் செய்விக்கலாம் என்றாராம். குரலில் ஒரு நிம்மதி. அம்மம்மா சுகமாக இருக்கிறா.

"ரியூசனுக்கு?" என்று கேட்டேன்.

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நேற்றுப் பின்னேரம் மட்டும் போயிட்டு வந்தவள் டொக்டர். ரிவிசன் எண்டவ. இப்பவே சேருக்கு எடுத்துச் சொல்லுறன்."