பெடல் பெட்டிக்கு வண்ணம் போடுங்கள், தீ காட்டாதீர்கள்

ஆல்கஹால் இங்க், அதாவது ஆல்கஹாலில் சாயம் கரைத்த வண்ணம், ஈரமாக இருக்கும்போது அதன் பக்கத்தில் லைட்டரைக் கொண்டுபோகாதீர்கள். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நீங்கள் போய்விட்டாலும் எனக்குச் சம்மதம். ஆனால் "ஏன், என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். மீதி அவர்களுக்காக.

தீக்காயங்களுக்கு, அதிலும் குறிப்பாகக் கைக் காயங்களுக்கு, சிகிச்சை செய்யும் பிளாஸ்டிக் சர்ஜன் நான். சமையலறைத் தீ, பட்டாசு, மின்சாரம் இவைதான் எங்கள் வார்டில் வழக்கமாக வருபவை. கொஞ்ச காலமாக ஓவியமும் கைவினையும் செய்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். சென்ற மாதம் மறுபடியும் ஒருவர் வந்தார், இஞ்சினியரிங் படிக்கிற பையன். கிட்டாருக்கு ஒரு ஃபஸ் பெடலை, அதாவது காலால் அழுத்தினால் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக மாற்றும் சின்னப் பெட்டியை, தானே சால்டர் செய்து முடித்திருக்கிறார். ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசித்தும் பார்த்தாகிவிட்டது. பாக்கி இருந்தது பெட்டிக்கு வண்ணம் போடுவது மட்டும்தான்.

இந்தப் பெடல்களுக்குப் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியப் பெட்டிதான். பலரும் வாங்கும் 1590பி என்ற அளவு சுமார் 11 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அலுமினியம் எதையும் உறிஞ்சாது என்பதால் ஆல்கஹால் இங்க் அதன் மேல் தாராளமாகப் பரவும். காய்ந்த வண்ணத்தின் மேல் இரண்டு சொட்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் விட்டால் அது மறுபடி கரைந்து, ஓரங்களில் ஒதுங்கி, வளையம் வளையமாக நிற்கும். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. யாரோ ஒருவர் இதோடு நிறுத்தாமல், ஈரமாக இருக்கும்போதே தீ காட்டினால் வண்ணம் இன்னும் வேகமாக ஓடும், ஓரங்கள் கூர்மையாக வரும் என்று வீடியோ போட்டுவிட்டார். அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பையன் பெட்டிக்குத் தீ வைத்திருக்கிறார். நீல நிறத்தில் ஓடி அணைந்திருக்கிறது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை, அணைந்துவிட்டது என்று நினைத்து, அரை லிட்டர் பாட்டிலை அப்படியே சாய்த்து ஊற்றியிருக்கிறார். ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குத் தீ மிச்சம் இருந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

சிகிச்சைக்கு வருகிற ஒவ்வொருவரும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன் டாக்டர், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஸ்பிரிட் தீ சுடாதுன்னு நினைச்சேன்." இந்த நம்பிக்கையை எப்படியாவது உடைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்பிரிட் தீ சுடும். மற்ற தீயைப் போலவே பல நூறு டிகிரி வெப்பம் அதற்கும் உண்டு. பெட்டி சூடாகவில்லை என்றால் அதற்குக் காரணம் பெட்டிதான், தீ அல்ல. திரவம் மிச்சம் இருக்கும்வரை அதன் வெப்பநிலை கொதிநிலையைத் தாண்டாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலுக்கு அது சுமார் 82 டிகிரி. மேலே எரிவதும் மெல்லிய படலம், சில விநாடிக்குத்தான். கீழே இருக்கும் அலுமினியமோ வெப்பத்தை உடனே பெட்டி முழுக்கப் பரப்பிவிடும். அதனால்தான் வெதுவெதுப்பு. உங்கள் விரல் அலுமினியம் இல்லை. 60 டிகிரி வெந்நீரில் ஐந்து விநாடி இருந்தாலே பெரியவர்களின் தோல்கூட ஆழமாக வெந்துவிடும்.

பள்ளியில் கைக்குட்டையை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்திக் காட்டுவார்களே, துணிக்கு ஒன்றும் ஆகாமல் தீ மட்டும் எரியும், அதையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அந்தக் கைக்குட்டையில் இருப்பது பாதிக்குப் பாதி தண்ணீர். துணியைக் காப்பாற்றுவது அந்தத் தண்ணீர்தான். நீங்கள் இங்க்கோடு சேர்ப்பது 99 சதவீத ஆல்கஹால். அதில் உங்களைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

"அப்போ சானிடைசர் ஊற்றலாமா, அது லேசானதுதானே?" என்றும் ஒருவர் கேட்டார். கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கைச்சுத்திகரிப்புக் கலவையில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 75 சதவீதம் அல்லது எத்தனால் 80 சதவீதம். ரெண்டுமே நன்றாக எரியும். ஜெல் என்றால் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும்.

அடுத்தது பாட்டில். எரிகிற இடத்தில் பாட்டிலைச் சாய்த்தால் தீ வாய் வழியாக உள்ளே போகும். உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அது பற்றியவுடன் வரும் அழுத்தம், மிச்சமிருக்கும் திரவத்தை எரிந்துகொண்டே வெளியே பீய்ச்சும். பாட்டில் நிறைய இருக்கும்போதைவிடப் பாதி காலியான பிறகுதான் இது மோசம். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்வரில் ஒரு பள்ளி வேதியியல் செயல்விளக்கத்தின்போது மெத்தனால் பாட்டிலிலிருந்து சுமார் 12 அடிக்குத் தீ பாய்ந்து ஒரு மாணவரின் மார்பில் பட்டது. அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் அதை விசாரித்துப் பள்ளிகளுக்கு எச்சரிக்கையும் கொடுத்தது. அங்கே ஆசிரியரே முன்னால் நின்றார். நீங்கள் படுக்கையறை மேசையில் தனியாகச் செய்கிறீர்கள்.

கிட்டார் வாசிப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப் பாட்டில் தீயில் பெரும்பாலும் வேகுவது விரல்களின் மேல்பக்கம். அங்கே தோல் மிக மெல்லியது, அடியிலேயே தசைநாண்கள் இருக்கின்றன. ஆழமாக வெந்தால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுகிறோம். ஒட்டிய தோல் சுருங்க ஆரம்பித்தால் விரல் முழுசாக மடங்காது. ஸ்பிளின்ட், அழுத்தக் கையுறை, தினமும் பிசியோதெரபி என்று மாதக்கணக்கில் போகும். ஃப்ரெட்டில் அழுத்த இடது கை விரல்கள் எவ்வளவு மடங்க வேண்டும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொரு சங்கடம் எங்களுக்கு. காயம் எவ்வளவு ஆழம் என்பதை அதன் நிறத்தைப் பார்த்தும், அழுத்தி எடுத்தால் ரத்தம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று பார்த்தும்தான் முதலில் கணிப்போம். இந்தப் பையன் வந்தபோது நகக்கண், கொப்புளம், விரலிடுக்கு எல்லாம் கருநீலமும் மஜந்தாவும். எது சாயம், எது வெந்த தோல் என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. அதைப் போக்க வீட்டில் மறுபடி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சரி, தீ இல்லாமல் எப்படி? சிகிச்சைக்கு நடுவே இந்தப் பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கேமரா லென்ஸ் துடைக்க விற்கிறார்களே, கையால் அழுத்தும் ரப்பர் புளோயர், அது போதும். ஈர வண்ணத்தை நினைத்த பக்கம் தள்ளலாம், ஓரமும் நன்றாக வருகிறதாம். ஹேர் டிரையர் வேண்டாம், உள்ளே கம்பி பழுக்கிறது. பெரிய பாட்டிலிலிருந்து நேராக ஊற்றவே கூடாது. பத்து மி.லி. அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, பாட்டிலை மூடி வேறு அறையில் வையுங்கள். சொட்டு விட டிராப்பர் வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர் அடித்து ஓவனில் காய வைத்த பெட்டி என்றால் கை வைக்கும் அளவுக்கு முழுசாக ஆறட்டும். சால்டரிங் வேலையை அன்றைக்கு அந்த மேசையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐசோப்ரோபைல் ஆல்கஹால் சுமார் 12 டிகிரியிலேயே பற்றும் அளவுக்கு ஆவியை விடத் தொடங்கிவிடும். சென்னையின் மார்கழிக் குளிர்கூட அவ்வளவு கீழே போவதில்லை. அந்த ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனம், மேசையிலிருந்து வழிந்து தரையோடு போகும். பூஜை அலமாரி கீழே இருக்கிறது, விளக்கு எரிகிறது என்றால் வேலையை மொட்டை மாடிக்கு மாற்றுங்கள். ஊதுபத்தியும் கொசுவத்திச் சுருளும் அப்படித்தான்.

வண்ணத்தைப் பாதுகாக்கக் கடைசியில் அடிக்கும் நிறமில்லாத கிளியர் ஸ்பிரேயும் எரியக்கூடியதுதான். திறந்த வெளியில் மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடி அடியுங்கள். ஒரேயடியாக அடித்தால் அதிலிருக்கும் கரைப்பான் வண்ணத்தைக் கரைத்து ஓடவிடும். இங்க்கில் இருப்பது சாயம் என்பதால் வெயிலில் வெளுக்கும், புற ஊதா கதிரைத் தடுக்கும் ரகமாக வாங்குங்கள். இரண்டு பாகம் கலக்கிற ஆட்டோமொபைல் கிளியரை வீட்டுக்குள் தொடவே வேண்டாம். அதிலிருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் மூச்சுக்குழாயை என்ன செய்யும் என்பதை நுரையீரல் மருத்துவர்கள் என்னைவிட விவரமாகச் சொல்வார்கள்.

வேலை செய்யும்போது பருத்திச் சட்டை போடுங்கள். பாலியஸ்டர் டிஷர்ட் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதைப் பிரித்தெடுப்பது எங்களுக்கும் கஷ்டம், உங்களுக்குப் பெரிய வேதனை. பெட்டியை எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் அதை முழுசாக மூடும் அளவுக்கு ஒரு பாத்திரம் வைத்திருங்கள். தவறிப்போய்ப் பற்றிக்கொண்டால் மூடிவிடுங்கள். ஊதாதீர்கள், எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

உடம்பில் பற்றினால் ஓடாமல் கீழே படுத்து உருளுங்கள். தீ அணைந்ததும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள், கடிகாரத்தைப் பார்த்து இருபது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. மோதிரம், வாட்ச், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள், இல்லாவிட்டால் வெட்டுங்கள். ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், மஞ்சள், இட்லி மாவு, பேனா மை எதுவும் வேண்டாம். அம்மாமார்களே, பதற்றம் புரிகிறது, கையில் கிடைப்பதை அப்பாமல் தண்ணீரை மட்டும் திறந்துவிடுங்கள். அப்புறம் சமையலறை கிளிங் ஃபிலிமைத் தளர்வாகப் போட்டு மூடி அழைத்து வாருங்கள். முகத்தில் பட்டிருந்தாலோ குரல் கம்மியிருந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் கொப்புளம் வந்தால் சின்னதாகத் தெரிந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆல்கஹால் இங்க் வகுப்பு எடுப்பவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: லைட்டர் உத்தியைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வகுப்பில் நீங்கள் நாலு சொட்டில் கவனமாகச் செய்து காட்டுவதை, வீட்டில் அவர்கள் அரை லிட்டர் பாட்டிலை வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.