15 வயது தாண்டிய ஜீப்பில் லடாக் வரை: ஆர்.சி. புதுப்பிப்பு, மாற்ற விதிகள், டெல்லித் தடை

மஹிந்திரா எம்.எம். 540, மாருதி ஜிப்சி, பழைய பொலேரோ 4 வீல் டிரைவ் என எதில் கிளம்புவதானாலும், மெக்கானிக்கிடம் விடுவதற்கு முன் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றின் கடைசித் தேதியைப் பாருங்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 41 சொல்வது இது. காலாவதியான ஆர்.சி.யோடு ஓட்டினால் முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் இன்சூரன்ஸ். பதிவு உயிரோடு இல்லாத வண்டிக்கு விபத்து நடந்தால், சேத இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும்.

புதுப்பிக்கப் படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிந்து, கட்டணம் கட்டி, நாள் குறித்துக்கொண்டு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் காட்ட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கும் ஜீப்புக்கும் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பின் 20 வயது தாண்டிய வண்டிக்கு 10,000. இறக்குமதி வண்டியானால் இவை 40,000, 80,000 என்று எகிறும். தாமதித்தால் மாதம் 500 ரூபாய் கூடுதல். தமிழ்நாட்டில் பசுமை வரியும் தனியாகக் கட்ட வேண்டும். பழைய கடன் அடைந்திருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நிற்கிறதென்றால், படிவம் 35-ஐயும் வங்கியின் தடையில்லாச் சான்றையும் வைத்து முதலில் அதை நீக்குங்கள். முகவரி மாறியிருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னதாகவே தொடங்கினால்தான் இதெல்லாம் நிம்மதியாக முடியும்.

ஆய்வாளர் முதலில் தேடுவது சேஸ் எண்ணை. பழைய வண்டிகளில் அது துருவுக்கும் அண்டர்கோட்டிங்குக்கும் அடியில் புதைந்திருக்கும். கிரைண்டர் வைக்கவே கூடாது. எழுத்து தேய்ந்துபோனால் வண்டியின் அடையாளமே சந்தேகத்துக்கு உள்ளாகும். பெயிண்ட் ரிமூவர் தடவி, கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துப் பாருங்கள். டிங்கரிங், பெயிண்டிங் வேலை இருந்தால் இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து இன்ஜின். பெட்ரோல் ஜீப்பாகப் பிறந்து, பின்னால் டீசல் இன்ஜின் ஏறிய வண்டிகள் நம் பக்கம் ஏராளம். ஆர்.சி.யில் எரிபொருள் பெட்ரோல் என்றிருந்து, பானெட்டுக்கு அடியில் டீசல் இன்ஜின் இருந்தால் புதுப்பிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும். இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் பேச்சே எடுபடாது.

பிரேக், ஸ்டியரிங், விளக்கு, வைப்பர், ஹாரன், டயர் எல்லாம் சோதனையில் வரும். டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 30 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் 13 மீட்டருக்குள் நிற்க வேண்டும். டிரம் பிரேக் ஜீப்புகள் இதில் தோற்பது பெரும்பாலும் லைனிங் தேய்ந்து அல்ல, வீல் சிலிண்டர் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஏறுவதால். ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நான்கு சிலிண்டருக்கும் புது ரப்பர் கிட் போட்டு, பிரேக் ஆயிலை முழுக்க வடித்து மாற்றுங்கள். பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும். மணாலி இறக்கத்தில் சூடேறி ஆவியானால் பெடல் தரை வரை போகும். ஸ்டியரிங் மூட்டுகளான கிங் பின், டை ராடு எண்ட் ஆட்டத்தையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

புகைச் சான்று பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் எனும் மாசுத் தர நிலை) வண்டிகளுக்கும் அதற்கு முந்தைய வண்டிகளுக்கும் 6 மாதம்தான் செல்லும். அந்தக் கால டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹெச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). அதைத் தாண்டினால் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து டீசல் தெளிக்கும் நாசில், கடைசியாக டீசல் பம்ப் டைமிங் எனப் பாருங்கள். பம்பைப் பிரிப்பதுதான் செலவு, அதனால்தான் அது கடைசி. பயணத்தின் நடுவில் சான்று முடியாதபடி கிளம்பும் வாரத்தில் எடுங்கள்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூனில் வந்த விகிதப்படி 1,500 சி.சி.க்கு மேல் 7,897 ரூபாய், 1,298 சி.சி. ஜிப்சிக்கு 3,416 ரூபாய், வரி தனி.

பயணத்துக்கென்று செய்யும் அலங்காரங்களில்தான் பலரும் மாட்டுகிறார்கள். பிரிவு 52-ன்படி உற்பத்தியாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது. பிரிவு 182ஏ-வின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புல் பார் கூடாதென்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சேஸ் வெட்டி நீட்டுவது, பெரிய டயர் போடுவது, இருக்கையைக் கூட்டுவது எல்லாம் இதே கணக்கில் வரும். கழற்றி வைக்கக்கூடிய பெட்டி, கயிறு, ஜாக், மண்வெட்டி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் தொல்லையில்லை. கூடுதல் பெட்ரோல் உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை கொண்டுபோகலாம், அதுவும் 25 லிட்டருக்கு மிகாத உலோக டப்பாவில். 20 லிட்டர் இரும்பு ஜெரி கேன் ஒன்று போதும். பிளாஸ்டிக் கேனில் பிடித்துத் தர பெட்ரோல் பங்க்கில் மறுப்பார்கள்.

50 வயது தாண்டிய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு எடுத்தால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். ஊர் சுற்றும் எண்ணமிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி வழி. தேசிய நெடுஞ்சாலை 44 நேராக டெல்லி தலைநகர் வட்டாரத்துக்குள் நுழைகிறது. அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் தடை. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் இந்த வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்க அதே நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பி.எஸ்.4-க்கும் அதற்கு மேலுள்ள வண்டிகளுக்கும் மட்டும் என்று நீதிமன்றம் சுருக்கிவிட்டது. 15 வயது தாண்டிய நம் ஜீப்புகளில் பெரும்பாலானவை பி.எஸ்.3 அல்லது அதற்கும் கீழே. தமிழ்நாட்டில் ஆர்.சி. புதுப்பித்த சீட்டு அங்கே காப்பாற்றாது, வண்டி பறிமுதலாகலாம்.

டெல்லி நகரத்தை மட்டும் சுற்றிப் போவதும் பயன்படாது. பல்வல், ஃபரிதாபாத், சோனிபட், பானிபட், கர்னால் எல்லாம் அந்த வட்டாரத்துக்குள் வருபவை. ஆக்ராவில் திரும்பி ஜெய்ப்பூர் போகலாமென்றால் நடுவே பரத்பூரும் அதற்குள்தான். ஆகவே நாக்பூர் தாண்டியதுமே போபால், கோட்டா, ஜெய்ப்பூர், சிகர், சுரு, ஹனுமான்கர், பதிண்டா என்று மேற்கே ஒதுங்கிப் பஞ்சாப் வழியாக ஏறுங்கள். சுருவிலிருந்து ஹிசார் போகும் நெடுஞ்சாலையை எடுக்காதீர்கள், அது பிவானி மாவட்டத்தின் சிவானியைத் தொட்டுப் போகிறது, பிவானியும் வட்டாரத்துக்குள்தான். தூரம் கொஞ்சம் கூடும். டீசல் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எம்பரிவாகன், டிஜிலாக்கரில் உள்ள ஆர்.சி. செல்லும். ஆனாலும் மலையில் சிக்னல் இராது, காகிதத்திலும் ஒரு நகல் வண்டியில் இருக்கட்டும்.