நாற்பது லேப்டாப் வாங்கும் முன் இரண்டு வாங்கிப் பாருங்கள்

மே கடைசியில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே ரகம். "சார், பிள்ளைகளுக்குச் சின்ன லேப்டாப் நாற்பது எடுக்கலாம்னு இருக்கோம், எது நல்லது?" கடலூர் வட்டாரப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் லேப் அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். நாற்பது அப்புறம் பார்க்கலாம், முதலில் இரண்டு வாங்கி ஒரு மாதம் வகுப்பில் புழங்க விடுங்கள் என்பேன். கடை மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான்.

பெஞ்சில் வைத்தால் கதை வேறு. 11.6 அங்குலத் திரை முன்னால் மூன்று பேர் உட்காருகிறார்கள். நடுவில் இருப்பவனுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். ஓரத்துப் பிள்ளை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்; அதன் கண்ணுக்கு எழுத்து வெளிறி, நிறம் மாறித் தெரிகிறது. விலை குறைந்த மாடல்களில் வரும் டிஎன் வகைத் திரையின் குணம் அது. ஓரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாமல் தெரியும் ஐபிஎஸ் வகைத் திரைக்குக் கொஞ்சம் கூடுதலாகும். தலைக்கு ஒன்று கொடுக்க முடியாத பள்ளி அந்தக் காசைக் கொடுத்துவிடுவதே நல்லது.

அடுத்தது ஸ்டோரேஜ். மலிவு விலையில் கிடைக்கும் பழைய ஸ்டாக்கில் பல, 32 ஜிபி மெஷின்கள். விண்டோஸ் 11 போடக் குறைந்தது 64 ஜிபி ஸ்டோரேஜும் 4 ஜிபி ரேமும் வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்த ரக மெஷின்களில் ஸ்டோரேஜ் பெரும்பாலும் போர்டோடு சால்டர் செய்தே வருவதால், பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் ஓடும், நானே போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் வகுப்பெடுக்கும் டீச்சர் அதில் கை பழக வேண்டும். கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் என்றால், அப்டேட் எந்தத் தேதி வரை வரும் என்று அந்த மாடலுக்குப் பாருங்கள். அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை.

தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு பக்கத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு தலைவலி உண்டு. உப்புக்காற்று. யூஎஸ்பி போர்ட்டும் சார்ஜர் பின்னும் பச்சை பூத்துவிடும். 2007-ல் 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்துக்காக வந்த எக்ஸ்ஓ மெஷினில் இதற்கு ஒரு வழி இருந்தது. முயல் காது மாதிரி நிற்கும் இரண்டு ஆன்டெனாக்களை மடக்கினால், பக்கத்து போர்ட்டுகள் மூடிக்கொள்ளும். கீபோர்டும் தூசி, தண்ணீர் புகாத ஒரே ரப்பர் விரிப்பு. நூறு டாலர் லேப்டாப் என்று பேசப்பட்ட அது அந்த விலைக்கு வரவே இல்லை என்பது வேறு விஷயம். இப்போது கடையில் இருக்கும் மலிவு மாடல்களில் அந்த அக்கறை அபூர்வம். நாலு ரூபாய் ரப்பர் மூடி வாங்கிப் போடுங்கள்.

யாருமே யோசிக்காதது கரண்ட். ஒரு மெஷினுக்கு 45 வாட் சார்ஜர் என்று வையுங்கள். நாற்பதையும் ஒன்றாகச் செருகினால் 1800 வாட். சுவரில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது 1380 வாட்தான். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மேல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாகக் கோத்துவிட்டு, சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிளாஸ்டிக் உருகிய பாக்ஸை நான் கழற்றி எடுத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, லோடு மீறினால் தானே கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி ஒன்றைத் தனியாக வைத்து 16 ஆம்பியர் லைன் இழுங்கள். அதுவரை பாதிப் பாதியாக, ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் போடுங்கள். அந்த ஆள் யார் என்பதையும் ஆர்டர் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் முதல் பீரியடில் பாதி மெஷின் செத்துக் கிடக்கும்.

கோடை விடுமுறைக்குப் பூட்டி வைக்கும்போது பேட்டரியை முழுதாக ஏற்றவும் வேண்டாம், காலியாக விடவும் வேண்டாம். பாதி சார்ஜில் ஆஃப் செய்து, பள்ளியிலேயே குளிர்ச்சியான அறை எதுவோ அதில் வையுங்கள். தகரக்கூரை ஸ்டோர் ரூமில் அக்னி நட்சத்திரம் முழுக்கக் கிடந்த பேட்டரி, ஜூனில் உப்பிப்போய் டச்பேடைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி உப்பியதைச் சார்ஜில் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள்; தனியாக எடுத்து வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.