யூரிக் அமில அறிக்கையும் மூட்டுக்குள் இருக்கும் படிகமும்

கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து மூட்டுவலிக்காக வருவோரில் பலர், இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் பிடித்தபடி, "யூரிக் ஆசிட் ஏறிவிட்டது, பருப்பையும் தக்காளியையும் நிறுத்திவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருகிறார்கள். பரிசோதித்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு முழங்கால் தேய்மானமாக இருக்கும். யூரிக் அமிலம் கூடியிருப்போரில் பெரும்பாலோருக்கு கவுட் எனப்படும் மூட்டு நோய் வருவதே இல்லை. வலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாதபோது, அறிக்கையில் உள்ள எண்ணுக்காக மட்டும் மாத்திரை விழுங்க வேண்டிய தேவை பொதுவாக இல்லை.

மூட்டைத் தாக்குவது படிகம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரைதான் யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு வடிவம், கரைந்து நிற்கும். அந்த அளவைத் தாண்டிய நிலை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, மரக்காணம் உப்பளத்துப் பாத்தியில் உவர்நீர் செறிந்து உப்பு பூப்பதைப் போல, ஊசி வடிவப் படிகங்கள் மூட்டுக்குள் படியத் தொடங்குகின்றன. வெப்பம் குறைந்த இடத்தில் யூரேட்டின் கரைதிறனும் குறையும். கால் பெருவிரல் மூட்டு பெரும்பாலும் முதலில் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். நடு இரவில் தொடங்கும் வலி, மேலே போர்வை படுவதைக்கூடப் பொறுக்க முடியாத அளவுக்கு முற்றி, ஓரிரு வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். தானாக அடங்குவதால்தான், கடைசியாகச் செய்துகொண்ட வைத்தியம் எதுவோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் பரிசோதனையில் யூரிக் அமிலம் இயல்பான அளவில் காணப்படலாம் என்பதால், வலி அடங்கிய இரண்டு வாரங்களுக்குப் பிறகு மீண்டும் பார்க்க வேண்டும். சந்தேகத்தைத் தீர்ப்பது மூட்டு நீர்ப் பரிசோதனை. 1961ஆம் ஆண்டில் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் காட்டிய வழியில், அந்த நீரை முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் வைத்துப் படிகத்தை நேரில் காணலாம். காய்ச்சலோடு ஒரே மூட்டு வீங்கிச் சிவந்திருந்தால் உள்ளே கிருமித்தொற்றும் இருக்கக்கூடும். நீரைச் சோதிக்காமல் அம்மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து.

வலி நேரத்தில் கொடுக்கும் கோல்கிசின், வலிநிவாரணி, குறுகிய கால ஸ்டீராய்டு ஆகியவை வீக்கத்தை அடக்குமே தவிரப் படிகத்தைக் கரைக்காது. கரைய வேண்டுமானால் யூரிக் அமிலம் 6க்குக் கீழே இறங்கி, ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்க வேண்டும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையான அலோபியூரினாலை 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறோம். படிகங்கள் கரையும் முதல் சில மாதங்களில் வலி அடிக்கடி வரலாம்; "இந்த மாத்திரைதான் வலியைக் கூட்டுகிறது" என்று பலரும் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அதைத் தடுக்கவே சிறிய அளவில் கோல்கிசினைச் சில மாதங்கள் சேர்த்துக் கொடுக்கிறோம். தோலில் தடிப்பு தோன்றினால் மட்டும் அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, பருப்பை விலக்க வேண்டியதில்லை. பீர், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சிகள், மத்தி, நெத்திலி, இனிப்பூட்டிய குளிர்பானங்கள் ஆகியவற்றைக் குறைத்தால் போதும். கடுமையான பத்தியமும் யூரிக் அமிலத்தை ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான் இறக்கும். சிறுநீரகம் அதைப் போதிய அளவு வெளியேற்றாததே பலருக்கு மூல காரணம், அதில் பரம்பரைக்கும் பங்குண்டு. ஆகவே நோயாளியின் நாக்கைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கத்திரி வெயிலில் துறைமுகத்தில் உழைத்து, தண்ணீர் குடிக்காமல் மாலையில் பீர் குடிப்பவருக்கு அன்றிரவே வலி வரக்கூடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரத்த அழுத்தத்துக்கான சில நீர்ப்போக்கு மாத்திரைகளும் யூரிக் அமிலத்தைக் கூட்டும்; அவற்றை மாற்றுவதை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

அறுபதைக் கடந்தவருக்கு, அதிலும் காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு, முழங்காலோ மணிக்கட்டோ திடீரென வீங்கினால், அது கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்களால் வரும் போலி கவுட்டாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பின் நடுவே சுண்ணாம்புக் கோடு தெரிவதுண்டு. இளம் வயதிலேயே இது வந்தால் கால்சியம், மக்னீசியம், இரும்புச்சத்து, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் அளவைப் பரிசோதிப்போம். இந்தப் படிகத்தைக் கரைக்க இன்றுவரை மருந்து இல்லை. மூட்டு நீரை எடுத்துவிட்டு வீக்கத்தை அடக்குவதே சிகிச்சை. இவர்களுக்கு அலோபியூரினாலால் எந்தப் பயனும் இல்லை.