கூரை அடுக்கா, பரணா?

போன மாதம் செங்கோட்டையில் தெரிந்தவர் ஒருவரின் வெல்டிங் பட்டறையில் இருந்தேன். புனலூரிலிருந்து ஒரு குடும்பம் டிராவலர் வேன் ஒன்றைக் கொண்டு வந்திருந்தது. உள்ளேயே படுத்து, சமைத்து, ஊர் ஊராகப் போகிற மாதிரி கட்டிய கேம்பர் வேன். மேலே சாமான் போட ஒரு கேரியர், பின்னால் சைக்கிள் மாட்ட ஒரு கேரியர், இரண்டையும் பொருத்தித் தர வேண்டும். பொருளோடு ஒரு தமிழ்க் கையேடும் வந்திருந்தது. முதல் பக்கத்துத் தலைப்பு, 'கூரை அடுக்கைப் பொருத்துதல்.' பட்டறைக்காரர் அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, எத்தனை அடுக்கு வைக்கணுமாம்?"

அவர் கேட்டதில் பிழையே இல்லை. அந்தத் தலைப்பைப் படிக்கிற எந்தத் தமிழரும் கேட்க வேண்டிய கேள்வி அது. அடுத்த பக்கத்தில் பின் கேரியருக்கு 'தடை தாங்கி' என்று போட்டிருந்தார்கள். 'கூரை அடுக்கு' என்பதை இதற்கு முன்பும் பல இடங்களில் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

ஆங்கிலத்தில் மேலே உள்ளது 'ரூஃப் ரேக்', பின்னால் வண்டியின் அடிச்சட்டத்து இணைப்பில் ('ஹிட்ச்') மாட்டுவது 'ஹிட்ச் கேரியர்'. இந்தச் சொற்களின் வேர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ரேக்' டச்சு, கீழ்ஜெர்மன் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்; நீட்டுதல், விரித்தல் என்ற வினையோடு உறவுள்ளது, சட்டம் என்பதே அதன் பழைய பொருள். 'கேரியர்' லத்தீனின் 'கர்ருஸ்' என்ற வண்டிச் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கார், கேரியர் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 'ஹிட்ச்' வெடுக்கென்று இழுப்பதைக் குறித்து, பிறகு கயிற்று முடிச்சு, மாட்டிக் கட்டுவது என்று விரிந்தது. இடையில் ஏற்படும் தடங்கலுக்கும் அதே சொல் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. கையேட்டை எழுதியவர் அகராதியில் அந்தக் கடைசிப் பொருளைப் பிடித்துக்கொண்டார். 'தடை தாங்கி' பிறந்தது அப்படித்தான்.

இப்போது அடுக்குக்கு வருகிறேன். அடுக்குப்பானை, அடுக்குமாடி, அடுக்குமல்லி, இலக்கணத்தில் 'பாம்பு பாம்பு' என்று வரும் அடுக்குத்தொடர், எதை எடுத்தாலும் அடுக்கு என்றால் ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றையடுத்து ஒன்று. ஒற்றையாக இருப்பதை யாரும் அடுக்கு என்பதில்லை. பலசரக்குக் கடையில் நாலு தட்டு வைத்த இரும்பு ரேக்கை அடுக்கு என்றால் ஒப்புக்கொள்ளலாம். வேன் மேல் இருப்பது ஒரே தளம். இரண்டு குறுக்குச் சட்டம், சுற்றி ஒரு கம்பி வளையம், நடுவில் பட்டைகள். அதன்மேல் நீங்கள் சாமானை அடுக்கலாம், ஆனால் அது அடுக்கு ஆகாது.

கூரையும் இடிக்கிறது. பேருந்தின் மேற்கூரை என்று செய்தித்தாளில் எழுதுகிறார்கள், அது சரி. வெறுமனே கூரை என்றால் நமக்கு ஓலையும் ஓடும் வேய்ந்த வீடுதான் நினைவுக்கு வரும். செங்கோட்டை வேன் ஸ்டாண்டில் யாரும் 'கூரையில் ஏற்று' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'டாப்ல போடு', 'மேல கட்டு', அவ்வளவுதான். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வேன்கள் அடுப்பு, அண்டா, பாய் எல்லாவற்றையும் மேலே ஏற்றி, தார்ப்பாய் மூடி, கயிறு இழுத்துக் கட்டிக் கேரள எல்லையில் உள்ள புளியரையைத் தாண்டுகின்றன. அந்தக் கயிற்றைக் கட்டுகிறவர்களிடம் நல்ல சொற்கள் கிடக்கின்றன. கையேடு எழுதுகிறவர்கள் அவர்களைக் கேட்பதில்லை.

தமிழ் ஆர்வலர்கள் சிலர் 'கூரைச் சுமைதாங்கி' என்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, சொல்லும் அழகான சொல். ஆனால் சுமைதாங்கி ஏற்கெனவே ஒரு பொருளுக்குப் பெயராகிவிட்டது. இரண்டு கல் நட்டு, ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தி வழியோரம் வைத்தது. தலைச்சுமைக்காரர் ஆள் துணையில்லாமல் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தானே தலையில் ஏற்றிக்கொள்ள அந்த உயரம். பிள்ளைத்தாய்ச்சியாகவே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைக்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அதையே சுமடுதாங்கி என்றும் அத்தாணி என்றும் சொல்கிறார்கள். (தமிழில் அத்தாணி மண்டபம் என்றால் அரசனின் கொலு மண்டபம், அது வேறு கதை.) சுமைதாங்கியில் சுமை நிற்கும், வேன் மேல் சுமை ஓடும். அதோடு, பொறியியல் நூல்களில் பேரிங்குக்குத் தாங்கி என்ற பெயர் நிலைத்துவிட்டது. வாகனக் கையேட்டில் சுமைதாங்கி என்று எழுதினால் சக்கரத்துப் பேரிங்கா, மேலே உள்ள சட்டமா என்று குழப்பம் வரும்.

என் சொல் பரண். வீட்டில் அன்றாடம் தேவைப்படாததை ஏற்றி வைக்கிற மேல்தளம் பரண். தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கம்பு நட்டுக் கட்டியதும் பரண், சங்கப் பாட்டில் அதற்கு இதணம் என்று பெயர். மேக்கரை, வடகரைப் பக்கம் யானைக்கும் பன்றிக்கும் பயந்து காவல் இருப்பவர்கள் ஏறி உட்காருவதும் பரண்தான். மலையாளத்திலும் பரண் உண்டு, புனலூர்க்காரருக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி என்று அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்த ஊர். இங்கே ஒரு சொல் இரண்டு பக்கமும் செல்லுபடியாவது பெரிய லாபம். கால் ஊன்றி, சட்டம் போட்டு, உயரத்தில் கட்டிய ஒற்றைத் தளம் என்று பரணின் உருவமே வேன் மேல் இருக்கிற பொருளின் உருவம். 'வேன் பரண்' என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை அடுக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

'பரணில் போடுவது' என்றால் கைவிடுவது ஆயிற்றே என்று ஒரு நண்பர் மறுத்தார். அது பரணில் போட்டவர் குற்றம், பரணின் குற்றமில்லை.

ஹிட்ச்சுக்கு இன்னும் சுலபம். மாட்டை நுகத்தில் சேர்ப்பதை நாம் என்ன சொல்கிறோம்? வண்டி பூட்டுதல். பூட்டாங்கயிறு இன்னும் பேச்சில் இருக்கிறது. வண்டியின் பின்னால் எதையும் பூட்டுவதற்கென்று அடிச்சட்டத்தில் பொருத்திய இடம் பின்பூட்டு. அதில் செருகி நிற்கிற கேரியர் பூட்டுத்தட்டு. 'பூட்டு' என்றால் சாவி நினைவு வருமே என்பார்கள்; முன்னால் 'பின்' சேர்ந்தால் வராது.

சொல் தவறினால் இங்கே வெறும் அழகு மட்டும் கெடுவதில்லை. அந்தக் கையேட்டில் 'இயங்கியல் சுமை 75, நிலையியல் சுமை 225' என்று இருந்தது. பட்டறையில் எல்லோரும் பெரிய எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஓடும்போது 75 கிலோ, நிற்கும்போது 225 கிலோ என்று எழுதியிருந்தால் ஒரு குழப்பமும் இல்லை. வேன் நின்ற பிறகு மேலே கூடாரம் விரித்து ஆள் படுப்பதற்குத்தான் பெரிய எண். வழக்கமாக ஓடும்போதுள்ள கணக்கில் பரணின் சொந்த எடையும் சேரும், அதையும் கையேடு விட்டுவிட்டது. 225 கிலோவை மேலே ஏற்றிக்கொண்டு புளியரை எஸ் வளைவில் திரும்பினால் வேன் எப்படிச் சாயும் என்று அந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பின்பூட்டின் மேல் அழுத்துகிற எடைக்கு, ஆங்கிலத்தின் 'டங் வெயிட்'டை அப்படியே பெயர்த்து, 'நாக்கு எடை' என்று போட்டிருந்தார்கள். எந்த நாக்கு? மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும் என்பது அவர்களுக்குத் தெரியும். வேனிலும் அதே கணக்குதான். பின்னால் பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் பிடி தளரும். பின்பாரம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். சைக்கிள் மாட்டியதும் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது என்கிற எச்சரிக்கையோ, மூன்று முறை படித்தும் புரியாத ஒரு வாக்கியத்தில் புதைந்து கிடந்தது. செக்போஸ்டில் நிற்கப்போவது வண்டிக்காரர்தானே.

ஆங்கிலம் கலக்காமல் எழுதுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் கலப்பில்லாத பொய்த்தமிழைவிடக் கேரியர் என்கிற உண்மையான இரவல் சொல் நூறு மடங்கு மேல். சைக்கிள் கேரியர், டிபன் கேரியர், டாப் கேரியர் என்று ஊரே அதைத் தன் சொல்லாக்கிவிட்டது. தமிழில்தான் எழுதுவேன் என்றால் பரண் என்று எழுதுங்கள். மனம் வரவில்லையா, கேரியர் என்றே எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் அகராதியின் முதல் வரியையோ கடைசி வரியையோ பிய்த்து ஒட்டாதீர்கள்.

அன்று மாலை அந்தக் கையேட்டின் நாலு பக்கத்தையும் நானே ஒரு தாளில் திருப்பி எழுதிக் கொடுத்தேன். அப்புறம் பரணின் பக்கவாட்டில் வெயிலுக்கு இழுத்து விடுகிற துணிப்பந்தல் மிச்சமிருந்தது. கையேட்டில் அது 'வெய்யோன் மறைப்பான்'. வீட்டுச் சுவரிலிருந்து இறக்கிக் கட்டுவதை இங்கே சாய்ப்பு என்கிறோம். அதையே எழுதி வைத்தேன்.