டைகர் டியா, டாக் டியா?

ஒரு மருத்துவமனை மாத இதழின் தமிழாக்கம் மெய்ப்புப் பார்க்க வந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கான பக்கத்துக்குத் தலைப்பு ‘நீரிழிவு நொறுக்குத்தீனிகள்’! உள்ளே தின்பதற்கு ஒன்றுமில்லை. பாதப் பராமரிப்பு, கண் பரிசோதனை என்று நாலு நாலு வரித் தகவல்கள்தான். மூலத்தில் இருந்தது ‘டிட்பிட்ஸ்’. மொழிபெயர்த்த தம்பி அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிட்டார். ‘துணுக்குகள்’ என்று திருத்தினேன்.

ருசியான சிறு துண்டுக்கு ஏற்பட்ட சொல், ருசியான தகவலுக்கும் ஆகிவந்தது. ஆங்கில எழுத்தில் பிரிட்டனில் அதன் நடுவே டைகர் டி (t), அமெரிக்காவில் டாக் டி (d). தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. வாடிக்கையாளரிடம் போனில் இப்படித்தான் கேட்டாக வேண்டும். டைகர் டி போட்டால் கொச்சையாகப் படுகிறதென்று அமெரிக்கர்கள் கூச்சப்பட்டு மாற்றிவிட்டார்கள் என்பார்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டுப் பதிவிலேயே டாக் டி இருக்கிறது.

1881இல் மான்செஸ்டரில் ஜார்ஜ் நியூன்ஸ் தொடங்கிய துணுக்கு வார இதழின் பெயரே ‘டிட்-பிட்ஸ்’. அதற்கு முதல் போடக் கையில் பணமில்லாமல், ஒரு சைவ உணவகம் நடத்திச் சேர்த்தார் மனிதர். பெயர்ப் பொருத்தம் இப்படியும் அமையும்.

‘மோர்சல்’ என்பதும் ஒரு வாய் உணவுதான். ‘கடித்தது’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. வம்புப் பேச்சை ‘ஜூஸி மோர்சல்’ என்பார்கள். அதைச் ‘சாறுள்ள துண்டு’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நம்மிடம் அவல் இருக்கும்போது சாறு எதற்கு?

இதெல்லாம் சிரித்துவிட்டுத் திருத்துகிற பிழைகள். எனக்குப் பயம் ‘ஃபேக்டாய்ட்’ என்ற சொல்லிடம்தான். 1973இல் மர்லின் மன்றோவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது நார்மன் மெய்லர் உருவாக்கியது. அச்சில் வந்துவிட்ட ஒரே காரணத்தால் உண்மையென்று உலவும் சங்கதிக்கு அவர் வைத்த பெயர். ‘ஆய்ட்’ என்றால் ‘போன்றது’. அஸ்டராய்ட் நட்சத்திரம் போலத் தெரிவது, நட்சத்திரமல்ல. பிற்பாடு அமெரிக்காவில் குட்டி உண்மைத் தகவலையும் இதே சொல்லால் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதே இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி: “எல்லோரும் தினம் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்.” தலைப்பு, ‘உண்மைத் துளி’. மூலத்தைப் புரட்டினால் ‘ஃபேக்டாய்ட்’. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். இதழ் கிடப்பதோ அவர்கள் காத்திருக்கும் வராந்தாவில்.

போன் செய்தேன். “அது தப்புன்னு சொல்லத்தான் சார் போட்டோம், விளக்கம் அடுத்த மாசம் வருது” என்றார் பொறுப்பாளர்.

விளக்கத்தை இந்த மாதமே வாங்கிப் பெட்டிக்குள் சேர்த்தேன். தலைப்பை ‘இது உண்மையல்ல’ என்று மாற்றினேன்.