கொலுசுப் பட்டறைப் புகை கருவை எட்டும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் கொலுசு வேலை பல குடும்பங்களில் வீட்டோடு நடக்கிறது. முன்னறையில் பட்டறை, பின்னால் அடுப்படி. கண்ணி கோப்பதிலும், பொடியைச் சுடரில் உருக்கிக் கண்ணிகளை ஒட்டிப் பற்ற வைப்பதிலும் பெண்களின் கை இருக்கிறது. கர்ப்பம் தரித்தாலும் வேலை உடனே நிற்பதில்லை. ஆகவே பற்ற வைக்கும் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். பொடி அதற்கு வெகுமுன்பே உருகி ஓடினால்தான் மெல்லிய கண்ணி தப்பும். காட்மியத்தைச் சேர்ப்பது இதற்காகத்தான். நகைக்கடைப் பலகைகளில் பார்த்துப் பழகிய ‘கேடிஎம்’ என்ற சொல்லும் இந்த உலோகத்தின் பெயரிலிருந்து வந்ததே. 50 சதவீதம் வெள்ளி, 18 சதவீதம் காட்மியம், மீதி செம்பும் துத்தநாகமும் என்றால் கலவை 635 டிகிரியில் முழுதாக உருகி இடுக்கெல்லாம் பாயும். வேலைக்கு அருமையான பொடிதான். ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும். ஊதுசுடரின் சூடு அதைத் தாராளமாகத் தாண்டும். சுடரைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தாலும் காட்மியம் ஆவியாகி, காற்றுப் பட்டதும் காட்மியம் ஆக்சைடு புகையாக மாறுகிறது. அதன் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை என்பதால் நுரையீரலின் அடிவரை போய்விடும்.

மூச்சில் போகும் புகையிலிருந்து கால் பங்கு முதல் பாதி வரை காட்மியம் ரத்தத்தில் சேரலாம். கையில் ஒட்டிய தூசி சோற்றோடு வயிற்றுக்குள் போனால் சேர்வது 5 சதவீதம் அளவுதான். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். இரும்புச்சத்து குறைந்தால், அதை உள்ளே இழுக்கும் புரதத்தைக் குடல் கூடுதலாக உண்டாக்குகிறது. அந்தப் புரதத்துக்கு இரும்பும் காட்மியமும் வேறுபாடு தெரியாது. தேசிய குடும்பநல ஆய்வின் 5ஆம் சுற்றில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரே பட்டறை, ஒரே தூசி. ஆனாலும் மாமனாரைவிட மருமகள் உடம்பில் அதிகம் ஏறுவது இதனால்தான்.

கருப்பைக்கு வந்த பிறகு ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு கதை. பிள்ளை பிறந்ததும் “நஞ்சு விழுந்துச்சா?” என்று கேட்கிறோமே, அந்த நஞ்சுக்கொடியில் மெட்டாலோதயோனின் என்ற புரதம் இருக்கிறது. அது காட்மியத்தைப் பிடித்து நிறுத்துவதால் குழந்தைக்குள் நேரடியாகப் போவது குறைவே. கெடுதல் வேறு வழியில் வருகிறது. அதே புரதம் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. செல்கள் பெருகத் தேவையான துத்தநாகம் சிசுவுக்குக் குறைவாகக் கிடைக்கிறது. நஞ்சுக்கொடியில் ஹார்மோன் உற்பத்தியும் பாதிக்கப்படுகிறது. தாயின் காட்மிய அளவு கூடும்போது பிறப்பு எடை குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சிலவற்றில் பெண் குழந்தைகளிடம் இது கூடுதலாகத் தெரிந்தது.

ஈயத்தை, அதாவது காரீயத்தை, நஞ்சுக்கொடி தடுப்பதே இல்லை. பழைய முறையில் ஈயம் சேர்த்து வெள்ளியைப் புடம் போடும் இடங்களில் இது முக்கியம். தொப்புள்கொடி ரத்தத்தின் ஈய அளவு தாயின் அளவை ஏறத்தாழ ஒத்திருக்கும். பெரியவர்கள் உடம்பில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் தங்கியிருக்கும். சிசுவின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கால்சியத்தை விடுவிக்கும்போது, கல்யாணத்துக்கு முன் சேர்ந்த ஈயமும் கூடவே வெளியே வருகிறது. கர்ப்பமானபின் பட்டறைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்று நினைப்பது இந்த இடத்தில்தான் தவறுகிறது.

தாய்க்கு நேர்வதையும் சொல்லியாக வேண்டும். காட்மியம் சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டு வரை தங்கும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பகுதியில் சுரங்கக் கழிவு கலந்த நீர் நெல்வயலில் பாய்ந்து, எலும்பு நொறுங்கும் ‘இத்தாய் இத்தாய்’ நோய் வந்தது. 1968இல் அந்நாட்டு அரசு காட்மியமே காரணம் என்று ஏற்றது. அதிகம் வதைபட்டவர்கள் பல பிள்ளை பெற்ற, வயதான பெண்கள்.

பட்டறையில் முதலில் மாற்ற வேண்டியது பொடி. 56 சதவீதம் வெள்ளி, 22 செம்பு, 17 துத்தநாகம், 5 வெள்ளீயம் என்ற காட்மியம் இல்லாத கலவை 652 டிகிரியில் முழுதாக உருகும். பழைய பொடியோடு ஒப்பிட்டால் 17 டிகிரிதான் கூடுதல், கை பழகிவிடும். வெள்ளி கூடுவதால் விலை ஏறும், உண்மைதான். இதிலும் துத்தநாகப் புகை வரும், அன்றிரவே காய்ச்சல் வரலாம். ஆனால் காட்மியம்போல் அது ஆண்டுக்கணக்கில் உடம்பில் சேராது.

மேலே ஓடும் மின்விசிறி புகையைக் கலக்கி அடுப்படிவரை அனுப்பும். சுடருக்குப் பக்கவாட்டில், முகத்துக்கு எதிர்ப்புறமாக இழுத்து வெளியே தள்ளும் விசிறிதான் உதவும். துணி முகக்கவசம் இந்தப் புகையை நிறுத்தாது. தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலைத் துணியைக் குழந்தைத் துணியோடு ஊறவைக்க வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் இரண்டு மணி நேரமாவது இடைவெளிவிட்டுச் சாப்பிட வேண்டும். சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக ஏறாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. நம் ஊர்க் களி இங்கே கைகொடுக்கும். காட்மியம் பாலில் மிகக் குறைவாகவே இறங்கும், அதற்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனையில் இது வராது, கேட்டால்தான் எழுதுவார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும் அன்றே, வீட்டில் பட்டறை இருக்கிறது என்று செவிலியரிடம் சொல்லுங்கள்.